மறு: அரித்மியாவுக்குத் தமிழ் – ‘சீரின்மை’ சரியா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

நாம் தமிழ் தேடும் சொற்கள் இரண்டு: ஒன்று அரித்மியா, அதாவது இதயத் துடிப்பில் வரும் கோளாறு. மற்றது நோயாளி நிரப்பும் படிவத்தில் வரும் ‘ஃபேமிலி ஹிஸ்டரி’.

> ‘இதயத்துடிப்புச் சீரின்மை’ என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும். எதற்குப் புதுச்சொல்?

புரியும் ஐயா. ஆனால் தப்பாகப் புரியும்.

நல்ல உடம்போடு இருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரையும், விடும்போது தளரும். சீராக இல்லைதான், நோயும் இல்லை. இதற்கு நேர்மாறாக இன்னொருவர். இதயத்துக்குள் மின்னோட்டம் ஒரே வளையத்தில் சுற்றத் தொடங்கி, நிமிடத்துக்கு 180 என்று அடிக்கிறது. கடிகாரம் தோற்றுவிடும், அத்தனை சீர்! ஆளோ வியர்த்து ஊற்றி, தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறார். மருத்துவருக்கு இதுதான் அரித்மியா. நம் ‘சீரின்மை’ பிள்ளையைப் பெற்றவர்களைப் பயமுறுத்திவிட்டு, இந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

கிரேக்க மூலத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘லயம் இல்லாமை’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அதனாலேயே ஆங்கிலத்தில் எழுதும் மருத்துவர்களில் சிலர் டிஸ்ரித்மியா (‘கெட்ட லயம்’) என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் சறுக்கிய இடத்தில் நாமும் போய் ஏன் விழ வேண்டும்?

நான் ‘நடை’யைக் கேட்கிறேன். நாடி பார்ப்பவர்களின் சொல் அது. வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டை போல. கபம் தவளை, பாம்பு போல. சித்த மருத்துவப் பாட்டில் வரும் வினைச்சொல்லே ‘நடக்கும்’ என்பதுதான். தவளை தத்துவதையும் அட்டை ஊர்வதையும் நினைத்துப் பாருங்கள்: வேகம், ஒழுங்கு, அசைகிற விதம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. மிருதங்கக்காரரும் திஸ்ர நடை, கண்ட நடை என்றுதான் சொல்கிறார்.

முதலில் ‘துடிநடை’ என்று எழுதினேன். ‘துடியிடை’ ஞாபகம் வருகிறது என்று ஒருவர் தனிமடலில் கிண்டலடித்துவிட்டார். சரி, ‘துடிப்புநடை’ என்றே வைத்துக்கொள்வோம். அரித்மியா ‘துடிப்புநடைக் கோளாறு’. நிமிடத்துக்கு 100-க்கு மேல் போனால் விரைநடை, 60-க்குக் கீழே இறங்கினால் மந்தநடை. ஓட்டப் பந்தயக்காரர்களுக்கு ஓய்வில் 50-க்கும் கீழே இருக்கும். அது மந்தநடைதான், கோளாறு இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்ல முடிகிறது என்பதே எனக்குப் பெரிய வசதி. (இதயத்தின் ஏட்ரியம் என்ற அறையை மேலறை என்பதா, ஈழத்துப் பாடநூல் வழக்கில் சோணையறை என்பதா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.)

> இரண்டாவது சொல்: ‘குடும்ப வரலாறு’. இதில் என்ன பிழை?

அரச பரம்பரை மாதிரி ஒலிக்கிறது என்பதைத் தவிர ஒன்றுமில்லை. சொல்லை விட, அது கேட்கும் கேள்வியில்தான் சிக்கல். “வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா?” என்று எங்கள் வீட்டில் கேட்டபோது எல்லோரும் இல்லை என்று தலையாட்டினோம். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியப்பா ஒருவர் இருபது வயதில் கிணற்றில் மூழ்கிப் போனதை யாரும் சொல்லவில்லை. அது நோய்க் கணக்கில் வருமென்று யாருக்குத் தோன்றும்?

ஆனால் வரலாம். நீள் கியூ–டி (லாங் க்யூ-டி: ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீள அதிக நேரம் எடுப்பது) என்கிற பரம்பரைத் துடிப்புநடைக் கோளாற்றின் ஒரு வகையில், நீந்தும்போதே இதயம் தடம் புரளும். இன்னொரு வகையில் அலார மணி போதும். மயங்கி விழுந்து வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று மருந்து கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. பெரும்பாலான வகைகளில், பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1957-இல் நார்வேயில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள்: ஆறு பிள்ளைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேளாது, அடிக்கடி மயக்கம், மூவர் திடீரென்று இறந்தார்கள். நீள் கியூ–டியின் அந்த அரிய வகை வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர வேண்டும். சொந்தத்தில் பெண்ணெடுக்கும் நாம் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

நம்மிடமோ எல்லாத் திடீர்ச் சாவும் ‘மாரடைப்பு’தான். அடைப்பு என்றால் இரத்தக்குழாய் அடைபடுவது. நடை பிறழ்ந்து இதயம் நின்றுபோவது வேறு. பிலிப்பைன்ஸில் தூக்கத்திலேயே இளைஞர்கள் இறப்பதற்கு ‘பாங்குங்குட்’ என்று பெயர், தாய்லாந்தில் ‘லாய் தாய்’, ஜப்பானில் ‘பொக்குரி’. எல்லாம் மக்கள் வைத்த பெயர்கள். 1992-இல் புருகாடா என்ற இதய மருத்துவச் சகோதரர்கள் விவரித்த நடைக் கோளாறுதான் அவற்றில் பலவற்றுக்கும் காரணம் என்று பின்னால் தெரியவந்தது. தனிப்பெயர் இருந்ததால் அங்கே அந்தச் சாவுகள் தனியாகத் தெரிந்தன.

ஆகவே படிவத்துக்கு ‘குடிவழி நோய்விவரம்’ என்று தலைப்பிட்டு, கீழே கேள்வியை உடைத்துக் கேட்கலாம் என்பது என் யோசனை. நாற்பது வயதுக்குள் திடீரென இறந்தவர் உண்டா? தூக்கத்தில், தண்ணீரில், ஓடும்போது? காரணம் தெரியாத மயக்கம், வலிப்பு? அண்ணன் தம்பி, அக்கா தங்கை, தாய்வழி, தந்தைவழி எல்லாவற்றையும் பேர் சொல்லியே கேட்க வேண்டும். ‘உறவினர்’ என்று பொதுவாகப் போட்டால் அத்தையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே பயம், ‘குடிவழி’ என்றதும் சாதியைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்களோ? கூடவே குடிப்பழக்கமும் ஞாபகம் வரலாம். ஊரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.