பம்பை, கிக், பேஸ் எல்லாம் சேர்ந்தால் கலங்கிவிடுகிறது: மிக்ஸில் இடம் பிரிப்பது எப்படி?

குடியாத்தம் மாடி அறை:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் எங்கள் வீட்டு மாடியில் 10 அடிக்கு 10 அடி அறை ஒன்றில் கணினியை வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் இசை செய்து பழகி வருகிறேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது பதிவு செய்த பம்பையையும், கூத்தில் ஊதும் பெரியவர் ஒருவர் எனக்காக வாசித்துத் தந்த முகவீணையையும் வைத்து, 6 கட்டை சுருதியில், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு டிராக் அமைத்திருக்கிறேன். கிக் (தாளத்தின் கனத்த முரசடி), பேஸ் (தாழ்ந்த சுரவரிசை), பேட் (பின்னணியில் நீண்டு படரும் ஒலி), சின்த் லீட் (முன்னே நிற்கும் மெட்டு) ஆகியவையும் அதில் உண்டு.

ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் நிறைவாக இருக்கிறது. சேர்த்துக் கேட்டால் கிக் விழும் இடத்தில் பேஸ் காணாமல் போகிறது, பம்பையின் அடி பேடுக்குள் அமுங்குகிறது, முகவீணையும் லீடும் ஒன்றையொன்று மோதிக் காதைக் குத்துகின்றன. கேட்காததையெல்லாம் ஏற்றிக்கொண்டே போனதில் மாஸ்டரில் (எல்லாம் சேர்ந்து வெளியேறும் இடத்தில்) சிவப்பு விளக்கு எரிந்ததுதான் மிச்சம். சென்ற வாரம் உறவினர் திருமணத்துக்கு வந்த சவுண்டு செட்டில் போட்டுப் பார்த்தபோது, மண்டபம் முழுவதும் ஒரே ‘கும்’மென்ற இரைச்சலாக இருந்தது, பம்பை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுங்கள்.

காட்பாடி ஒலிப்பதிவாளர்:

தம்பி, தனியாகக் கேட்டு நிறைவாக்கியதிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. நம் செவி, அருகருகே உள்ள இரண்டு அதிர்வெண்களில் வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மெல்லியதை விட்டுவிடும். அதிலும் தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ளதை எளிதில் மறைத்துவிடும். மேலுள்ள ஒலியால் கீழுள்ளதை அந்த அளவுக்கு மறைக்க முடியாது. ஆகவே பம்பை கேட்கவில்லை என்றால், பம்பையைத் தொடுவதற்கு முன் அதற்குக் கீழே என்ன படுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் டிராக்கில் அது பெரும்பாலும் பேடாக இருக்கும். பேடில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலிகளை வெட்டி, மேலுள்ளவற்றை மட்டும் விடுவது) போட்டு, எல்லா டிராக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 150 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். தனியாகக் கேட்டால் அது மெலிந்து போனதாகத் தோன்றும். அதற்காக மனம் இளகிவிடாதீர்கள். 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் 3 டெசிபல் குறைத்தாலே பம்பைத் தோலின் அடி வெளியே வந்துவிடலாம்.

கிக்கையும் பேஸையும் பொறுத்தவரை, 6 கட்டையின் அடி ஸ்தாயி ஸட்ஜம் 55 ஹெர்ட்ஸ். நடன இசைக்கான கிக் பலவற்றின் அடித்தளமும் 50, 60 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும் என்பதால், இரண்டும் ஒரே பாயில் படுக்கப் பார்க்கின்றன. அந்த இடம் யாருக்கு என்று முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். கிக்குக்கு என்றால் பேஸை ஒரு ஸ்தாயி ஏற்றி 110 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகலாம். பேஸுக்கு என்றால் கிக்கின் வாலை வெட்டிக் குறுக்கலாம். இரண்டுமே கீழே வேண்டும் என்றால் சைட்செயின்தான் வழி: பேஸில் கம்ப்ரஸரை (ஒலியின் அளவை அமுக்கும் கருவி) போட்டு, கிக் வரும்போதெல்லாம் அது 4 முதல் 6 டெசிபல் அமுங்கும்படி செய்யுங்கள். 120 வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லி செகண்டு. ரிலீஸை (அமுங்கிய ஒலி மீண்டு வர எடுக்கும் நேரம்) 150 மில்லி செகண்டு அளவில் வைத்தால் அடுத்த அரைத்தட்டு வருவதற்குள் பேஸ் முழுமையாகத் திரும்பிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, பேஸின் துருவத்தைத் தலைகீழாக்கி (அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றி) ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சில வேளைகளில் இரண்டு அலைகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும்; அப்படியானால் அந்த ஒரு பொத்தானிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

சத்துவாச்சாரி:

மேலே சொன்னவை சரிதான். ஆனால் நீங்கள் எழுதிய அறையின் அளவைப் பார்த்ததும் எனக்கு வேறொரு ஐயம் எழுந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர், 343-ஐ அதன் இரு மடங்கான 6.1-ஆல் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வருகிறது. உங்கள் பேஸ் இருக்கும் அதே இடத்தில் உங்கள் அறையே எதிரொலித்து நிற்கிறது. அறை சதுரம் என்பதால் நீளமும் அகலமும் சேர்ந்து அதே அதிர்வெண்ணைப் பிடிக்கின்றன. இத்தகைய அறையின் நட்டநடுவில் அந்த ஒலி கிட்டத்தட்ட மறைந்துவிடும், சுவரோரத்தில் பெருகிவிடும். நீங்கள் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து மிக்ஸ் செய்பவராக இருந்தால், இல்லாத பேஸைத் தேடித் தேடி ஏற்றியிருப்பீர்கள். ஏற்றியதெல்லாம் மண்டபத்தில் கொட்டியிருக்கிறது.

55 ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலையை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) ஓடவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து சுவர்வரை நடந்து பாருங்கள். வேறுபாடு தெரிந்தால், முன்சுவரிலிருந்து நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள், கிக்-பேஸ் முடிவுகளை மட்டும் ஹெட்ஃபோனில் சரிபாருங்கள்.

கூத்துக்காரர் பேரன்:

முகவீணையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் சிறுவயதிலிருந்து பார்த்த கூத்துகளில், வேடக்காரர் பாடும்போது முகவீணை அவருடைய குரலை ஒட்டி மெலிதாகவே வரும். பாட்டின் அடி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் எழுந்து முழங்கும். விடிய விடிய மைக் இல்லாமல் நடந்த கூத்தில்கூட ஒன்றை ஒன்று மறைக்காமல் இருந்ததற்கு இந்த முறைவைப்பே காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் லீட் இரண்டு ஆவர்த்தனம் வாசித்தால், அடுத்த இரண்டில் அதை நிறுத்திவிட்டு முகவீணைக்கு விடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலித்தே ஆக வேண்டிய இடத்தில் லீடை ஒரு ஸ்தாயி இறக்குங்கள். ஈக்யூவை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொண்டு முகவீணையின் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பகுதியை வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சீவாளியின் கூர்மை போய்விட்டால் அது முகவீணையே அல்ல.

குடியாத்தம் மாடி அறை:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு சைன் அலையை ஓடவிட்டு நடந்து பார்த்தேன். நாற்காலியில் இருந்தவரை ஏதோ தொலைவில் கேட்பதுபோல இருந்தது. கதவை நெருங்கியதும் பீரோவின் கைப்பிடி கடகடவென்று அதிர்ந்தது. நாற்காலியை மாற்றிய பிறகு பேஸை 5 டெசிபல் இறக்க வேண்டியிருந்தது. லீடையும் முகவீணையையும் மாற்றி மாற்றி வைத்ததில் குத்தல் போய்விட்டது, பம்பையின் இடக்கை அடிகூடத் தனித்துக் கேட்கிறது. ஒரே ஒரு குறை: கைப்பேசியில் கேட்கும்போது பேஸ் அறவே இல்லை.

காட்பாடி ஒலிப்பதிவாளர்:

கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது, தம்பி. அதற்காக மறுபடியும் பேஸை ஏற்றிவிடாதீர்கள். பேஸில் சிறிதளவு சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைப்பது) சேருங்கள். 110, 165, 220 ஹெர்ட்ஸில் மேல்சுரங்கள் பிறக்கும். அவற்றைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தைச் செவியே நிரப்பிக்கொள்ளும். சேர்த்த பிறகு பேடின் ஃபில்டரை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்த வேண்டியிருக்கும். 220-ஐச் சுற்றி பம்பையும் இருக்கிறது என்பதால், அளவைப் பம்பையைக் கேட்டுக்கொண்டே முடிவு செய்யுங்கள்.