குறைந்த விலையில் பழைய கிராண்ட் டூரிங் கார்: புதிதாகக் குடியேறியவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குடியேறிய நாட்டில் வேலையும் வீடும் ஒருவாறு அமைந்து, ஓட்டுநர் உரிமமும் கைக்கு வந்த பிறகு நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் வசதி படைத்தவர்கள் மட்டுமே வாங்க முடிந்த ஜாகுவார், பி.எம்.டபிள்யூ., லெக்சஸ் கூபே (இரண்டு கதவுள்ள) கார்கள், பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பின் ஒரு சிறிய புதுக் காரின் விலையைவிடக் குறைவாக விளம்பரத்தில் வருகின்றனவே, அவற்றில் ஒன்றை வாங்கலாமா என்பதுதான் அது. வாங்கலாம் என்பதே என் பதில். நெடுஞ்சாலையில் களைப்பின்றி நாள் முழுதும் ஓட்டிச் செல்லும் இன்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதை வேண்டாத ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கார் பழையதாக ஆக அதன் சந்தை விலை குறைகிறது. அதன் உதிரிபாகங்களின் விலையும், அதைப் பழுதுபார்ப்பவரின் கூலியும் அப்படிக் குறைவதில்லை. புதிதாக இருந்தபோது எந்த விலைத் தரத்தில் அந்தக் கார் விற்கப்பட்டதோ, அந்தத் தரத்துக்கு உரிய விலையிலேயே அதன் பிரேக் டிஸ்க்கும், சஸ்பென்ஷனும், முன்விளக்கும் இன்றும் கிடைக்கின்றன. முந்தைய உரிமையாளர்களில் பலர் இந்தச் செலவுகள் நெருங்கும் நேரத்தில்தான் காரை விற்கிறார்கள். ஆகவே எந்தக் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று தேடுவதைவிட, எந்தக் காரை உங்கள் வருமானத்தில் தொடர்ந்து வைத்திருக்க முடியும் என்று தேடுவதே சரியான தேடல். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது வாங்கும்போது தொடாமல், முதல் ஆண்டின் பழுதுகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மீதித் தொகைக்குள் வரும் காரே உங்களால் வாங்கக் கூடிய கார்.

அதற்கும் முன்னால், இத்தகைய கார் உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று பாருங்கள். கிராண்ட் டூரர் எனப்படும் இந்த வகை, பந்தயக் கார் அன்று. நல்ல இருக்கைகள், சத்தத்தை அடக்கும் கனத்த உடல், தாராளமான எஞ்சின், இரண்டு பேரின் பெட்டிகளைக் கொள்ளும் டிக்கி ஆகியவற்றோடு நெடுந்தூரத்துக்காகச் செய்யப்பட்டது. நாள்தோறும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அதன் பெரிய எஞ்சின் முழுச் சூட்டை எட்டாது. எண்ணெயில் ஈரம் தேங்கும், பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறாது. அலுவலகத்துக்கு ரயிலில் போய், வார இறுதியில் தொலைவு செல்பவர்களுக்கு இந்தக் கார் பொருந்தும். குழந்தையைப் பள்ளியில் விட்டு வருவது மட்டுமே வேலை என்றால் வேறு காரைப் பாருங்கள். பின் இருக்கைகள் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான் இருக்கும் என்பதால், குழந்தை இருக்கையை உடன் எடுத்துச் சென்று மாட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது ஜப்பானிய கார்களை. 2001 முதல் 2010 வரை வந்த லெக்சஸ் எஸ்.சி. 430, மடங்கும் உலோகக் கூரையும் 4.3 லிட்டர் வி8 (8 சிலிண்டர்) எஞ்சினும் கொண்டது. அந்த எஞ்சின் முறையாகப் பராமரிக்கப்பட்டால் மிக நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதில், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. 90,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,45,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எஞ்சினே வீணாகும். மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். இன்ஃபினிட்டி ஜி37 கூபே, பெரும்பாலும் 2008 முதல் 2013 வரையிலான மாடல்கள், 3.7 லிட்டர் வி6 எஞ்சினும், பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயினும் கொண்டவை. ஓட்டுவதற்கு உயிரோட்டமானவை, ஆனால் எஞ்சினின் பின்புற டைமிங் உறைக்குள் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கிழிந்து எண்ணெய் அழுத்தம் குறைவது அவற்றில் அறியப்பட்ட குறை. 2014 முதல் வந்த லெக்சஸ் ஆர்.சி. 350 உங்கள் கைக்கு எட்டினால், இந்த வரிசையில் அமைதியாகத் தூங்க விடும் கார் அதுதான் என்பது என் கருத்து.

ஐரோப்பிய கார்களில் எந்த எஞ்சின், எந்த ஆண்டு என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1996-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே.8 பார்ப்பதற்கு இன்றும் அழகு குறையாதது. அதன் தொடக்க கால 4.0 லிட்டர் எஞ்சின்களின் சிலிண்டர் சுவர்களில் நிகாசில் என்ற நிக்கல் கலந்த பூச்சு இருந்தது. கந்தகம் மிகுந்த பெட்ரோலால் அது தேய்ந்து எஞ்சின்கள் பாழாயின. 2000-ஆம் ஆண்டில் ஜாகுவார் அதைக் கைவிட்டு இரும்பு உறைகளுக்கு மாறியது. அதே எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம் பிளாஸ்டிக்கால் ஆனது. அது உடைந்தால் விளைவு பெல்ட் அறுந்ததற்குச் சமம். இந்த இரண்டு கவலைகளும் 2002-க்குப் பிந்தைய 4.2 லிட்டர் எஞ்சினில் இல்லை என்பதால் விலையில் சற்று வேறுபாடு இருந்தாலும் அதையே எடுங்கள். 2006-இல் வந்த அடுத்த தலைமுறை எக்ஸ்.கே. அலுமினிய உடல் கொண்டது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் இது சிறிய நன்மை அன்று. பழைய எக்ஸ்.கே.8-ஐ அத்தகைய நாட்டில் வாங்குவதாயின், லிஃப்டில் ஏற்றித் தரைப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் துருவுக்காகப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பி.எம்.டபிள்யூ. 6 சீரிஸில், 2003 முதல் 2010 வரை வந்த தலைமுறையே இப்போது மலிவாகக் கிடைக்கிறது. எல்லோர் கண்ணும் 645, 650 என்ற வி8 மாடல்களின் மீதுதான் போகும். அந்த வி8 எஞ்சின்களில் வால்வு சீல்கள் தேய்ந்து, சிக்னலில் சிறிது நேரம் நின்று கிளம்பும்போது பின்னால் நீலப் புகை வருவதும், சிலிண்டர் வரிசைகளுக்கு இடையே செல்லும் கூலண்ட் (குளிர்விப்பு நீர்மக்) குழாய் கசிவதும் பரவலாகத் தெரிந்தவை. இரண்டும் கூலி மிகுந்த வேலைகள். ஆறு சிலிண்டர் கொண்ட 630i மாடல் எல்லா நாடுகளிலும் விற்கப்படவில்லை, ஆனால் உங்கள் நாட்டில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அதே உடல், அதே இருக்கை, நெடுஞ்சாலை வேகத்தில் போதிய வலு, குறைந்த தொல்லை. மின்சாரத்தால் இயங்கும் அதன் வாட்டர் பம்ப் எப்போது மாற்றப்பட்டது என்பதை மட்டும் கேளுங்கள்.

பெரிய எஞ்சின் வேண்டும், உதிரிபாகமும் எளிதில் கிடைக்க வேண்டும் என்பவர்களுக்கு 2015-க்குப் பிந்தைய ஃபோர்ட் மஸ்டாங் பொருத்தமானது. தொழிற்சாலையிலேயே வலப்புற ஸ்டீயரிங்கோடு செய்யப்பட்ட முதல் மஸ்டாங் தலைமுறை அது. பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்ததால் நெடும்பயண வசதியும் கூடியது. ஆயினும் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய பாதுகாப்புச் சோதனையில் 2017 தொடக்கத்தில் அது ஐந்துக்கு 2 நட்சத்திரங்களே பெற்றது. மாற்றங்கள் செய்யப்பட்ட மாடல் அதே ஆண்டில் 3 பெற்றது. குழந்தைகளைப் பின்னால் அமர்த்தப் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மெர்சிடிஸ் சி.எல்., முதல் தலைமுறை பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி., கேம்பியோகோர்சா என்ற, கிளட்ச்சைத் தானே இயக்கும் கியர்பாக்ஸ் கொண்ட மசெராட்டி கூபே ஆகிய மூன்றும் வியக்கும் அளவுக்குக் குறைந்த விலைக்கு வரும். முதலாவதில் உயர் அழுத்த எண்ணெயால் இயங்கும் சஸ்பென்ஷன். இரண்டாவதில் இரட்டை டர்போவுடன் 6 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின், பல வேலைகளுக்கு அதை வெளியே இறக்கித்தான் ஆக வேண்டும். மூன்றாவதில் நகர நெரிசலில் விரைவாகத் தேயும் கிளட்ச். அவை மகத்தான கார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெளிநாட்டில் முதல் சில ஆண்டுகளில், கையிருப்பு இன்னும் சேராத நிலையில், அவற்றை வாங்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கார்களில் பல, ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் 6 வேக கியர்பாக்ஸையே பயன்படுத்துகின்றன, பி.எம்.டபிள்யூ. 6 சீரிஸிலும், எக்ஸ்.கே.யிலும், பென்ட்லியிலும் அதே குடும்பம்தான். கார் நிறுவனங்கள் பல, இதன் எண்ணெயை வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்று எழுதின. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதையே நம்புங்கள். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு இடையே குலுக்கலோ, நிற்கும் முன் உதைப்போ இருந்தால், ‘இந்தக் காரின் இயல்பே அதுதான்’ என்ற விளக்கத்தை ஏற்க வேண்டாம்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் காப்பீடு. முந்தைய நாட்டில் எத்தனை ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியிருந்தாலும், இங்கே உங்கள் கணக்கு பல நிறுவனங்களில் புதிதாகவே தொடங்கும். அந்த நிலையில் 8 சிலிண்டர் கூபேக்குக் கேட்கப்படும் தொகை சில வேளைகளில் காரின் விலையையே நெருங்கிவிடும். பழைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சான்றுக் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். அதை ஏற்கும் நிறுவனங்கள் உண்டு. காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதன் பதிவு எண்ணைக் கொண்டு மூன்று நான்கு இடங்களில் காப்பீட்டுத் தொகையைக் கேட்டுவிடுங்கள். உள்ளூர் உரிமம் பெற்று ஓராண்டு ஆன பிறகு வாங்கினால் இந்தச் சுமை பெரும்பாலும் குறைகிறது என்பதால், அவசரம் இல்லாதவர்கள் அந்த ஓராண்டை எளிய கார் ஒன்றில் கழிப்பது நல்லது.

ஆண்டு வரியும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்குக் கரியமில வாயு வெளியீட்டைக் கொண்டு வரி கணக்கிடுகிறார்கள். கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் வெளியிடும் காராயினும் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவாகியிருந்தால் அதன் வரிக்கு ஒரு வரம்பு உண்டு, அந்த நாளிலிருந்து பதிவானவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. அயர்லாந்தில் 2008 ஜூலைக்கு முன் பதிவானவற்றுக்கு எஞ்சின் கொள்ளளவே அளவுகோல். ஒரே மாடலில் சில மாத வயது வேறுபாடு ஆண்டுதோறும் பெரிய தொகையாக நிற்கும்.

ஆவணங்களில் மூன்றைப் பாருங்கள். முதலில் கடன்: கார் மீது முந்தைய உரிமையாளர் வாங்கிய கடன் தீராமல் இருந்தால், பல நாடுகளில் கடன் கொடுத்தவர் அந்தக் காரை உங்களிடமிருந்தே எடுத்துச் செல்ல முடியும். ஆஸ்திரேலியாவில் பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் இதை யாரும் பார்க்கலாம். மற்ற நாடுகளிலும் இதற்கான வழிகள் உண்டு. அடுத்தது விபத்து, வெள்ளச் சேதம்: சேதத்தால் காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட காரா என்பது அமெரிக்காவில் உரிமைச் சான்றிலேயே பதியப்படும், பிரிட்டனில் எஸ் (கட்டமைப்புச் சேதம்), என் (கட்டமைப்பைத் தொடாத சேதம்) என்ற பிரிவுகளாகக் குறிக்கப்படும். மூன்றாவது, ஓடிய தூரம்: பிரிட்டனில் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனைகளின் முடிவும் ஒவ்வொரு சோதனையின்போதும் காட்டிய கிலோமீட்டர் அல்லது மைல் கணக்கும் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அத்தகைய பதிவு இல்லாத இடங்களில் சர்வீஸ் ரசீதுகளில் உள்ள எண்களை ஆண்டு வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கூடவே, 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொண்டு டகாட்டா நிறுவனத்தின் குறையுள்ள ஏர்பேக்குக்கான திரும்பப்பெறல் முடிந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 2000-க்குப் பிந்தைய பல நிறுவனங்களின் கார்கள் அதில் அடங்கும், மாற்றுதல் இலவசம், மாற்றாத ஏர்பேக் உயிரைப் பறித்திருக்கிறது.

காரைப் பார்க்கும் நாளில் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டைமிங் செயினின் கலகலவென்ற சத்தமும் முதல் புகையும் குளிர்ந்த எஞ்சினில்தான் வெளிப்படும். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி ஒன்றை உடன் கொண்டு செல்லுங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாமல், கார் தானே செய்துகொள்ளும் சுயசோதனைகள் முடிந்துள்ளனவா என்பதையும் அதில் பாருங்கள். பல சோதனைகள் முடியாத நிலையைக் காட்டினால், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கவோ பேட்டரி கழற்றப்பட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். நான்கு டயர்களும் நான்கு வகையாக, வயது கடந்தவையாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் அந்த உரிமையாளர் அப்படித்தான் நடந்திருப்பார். வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் இருக்கைத் தண்டவாளங்களின் அடியில் துருவும், கம்பளத்துக்குக் கீழே வண்டலும் தங்கும். இவற்றுக்குப் பிறகும் கார் பிடித்திருந்தால், விற்பவருக்குத் தொடர்பில்லாத, அந்த நிறுவனத்தின் கார்களில் பழகிய மெக்கானிக்கிடம் கட்டணம் கொடுத்து முழுச் சோதனை செய்யுங்கள். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வேறெதுவும் பேச வேண்டியதில்லை.

இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்புறம் ஓட்டும் நாட்டில் இத்தகைய காரை வாங்கும்போது, நீண்ட முன்பகுதியும் தாழ்ந்த இருக்கையும் பருத்த பின் தூண்களும் சேர்ந்து பார்வையை மறைப்பதை இயல்பைவிட அதிகமாக உணர்வார்கள். சோதனை ஓட்டத்தில் நெடுஞ்சாலையில் இணைவதையும், குறுகிய இடத்தில் நிறுத்துவதையும் கட்டாயம் செய்து பாருங்கள். வாங்கிய முதல் மாதத்தில் எஞ்சின் எண்ணெய், கூலண்ட், பிரேக் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய் எல்லாவற்றையும் தேதி குறித்து மாற்றிவிட்டு, தொலைவுப் பயணத்துக்கு முன் ஓரிரு வாரம் அருகிலேயே ஓட்டி, நிறுத்தும் இடத்தில் கசிவு ஏதும் சொட்டுகிறதா என்று நாள்தோறும் தரையைப் பாருங்கள்.