முயல் அடைப்பையே நெம்பிக்கொண்டு வெளியே வருகிறது

மதுரையில் வாடகை வீடு. ஐந்து மாத முயல்கள் இரண்டு, இரண்டும் பெண். பகலில் ஹாலில் ஓடி விளையாட நானே ஓர் அடைப்பு செய்தேன். அரை அங்குல பிவிசி பைப், எல்போ (பைப்புகளை மூலையில் இணைப்பது), கோழி வலை, கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு), எல்லாம் சேர்த்து 850 ரூபாய். 4 அடிக்கு 4 அடி, உயரம் 2 அடி.

முதல் வாரம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் பெரியது வழி கண்டுபிடித்துவிட்டது. அடிப் பைப்புக்குக் கீழே மூக்கை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினால் சட்டம் மேலே தூக்குகிறது, சின்னது அந்த இடுக்கில் நழுவி வெளியே. (கூட்டுக் களவாணிகள்!) நேற்று ஃபிரிட்ஜ் வயரில் வாய் வைக்கும் நேரத்தில் பிடித்தேன்.

நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். மூலை அசையவில்லை, நடுவில் பைப் வளைந்து கொடுக்கிறது. கேபிள் டையைக் கடித்துத் துப்பியதால் கட்டுக்கம்பிக்கு மாறினேன், முனையை வெளிப்பக்கம் மடக்கிவிட்டேன். அது சரியாக இருக்கிறது. அடியில் சாக்கு விரித்தால் அதையே தின்கின்றன. ஒரு பக்கப் பைப்பில் மட்டும் மணல் நிரப்பிப் பார்த்தேன். ஓரளவு அடங்கியது, ஆனால் எல்போ வழியாக மணல் கசிகிறது. ராத்திரி அடைப்பைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும், வேறு இடம் இல்லை.

டைல்ஸில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். இன்னும் 300 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

தரையைத் துளைக்காமல், தினமும் எடுத்து வைக்கவும் தோதாக, இந்த அடிச்சட்டம் தூக்காமல் இருக்க என்ன செய்யலாம்?