டக்கரூ கன்றுகளை நடலாமா? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருமங்கலம் அருகே கரிசல் மண்ணில் உள்ள எங்கள் தோட்டத்தின் வேலியோரம் நடுவதற்காக, நாற்றுப்பண்ணை ஒன்றில் டக்கரூ என்று சொல்லிக் கொடுத்த சில கன்றுகளை வாங்கியிருக்கிறேன். கியூபானியாப்சிஸ் அனகார்டியாய்டிஸ் என்னும் தாவரப் பெயருடைய இம்மரம், ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குக் கடலோர மழைக்காடுகளுக்கு உரியது; நம் பூவந்தி மரத்தின் குடும்பம்தான். பெரும்பாலும் 10 மீட்டர் உயரத்துக்குள் அடங்கி அடர்ந்த நிழல் தருவதோடு, உப்புக்காற்றையும் மணல் நிலத்தையும் நன்கு தாங்கும். கூட்டிலையின் சிற்றிலைகள் தடித்து, நுனி மழுங்கியோ சற்றே உள்வாங்கியோ இருக்கும். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறக் காய் மூன்றாக வெடிக்கும்போது, செந்நிறச் சதை போர்த்திய கரிய விதைகள் வெளியே தெரியும்.

அந்தச் சதைதான் என் தயக்கத்துக்குக் காரணம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அழகுக்காக நடப்பட்ட இம்மரத்தின் விதைகளைப் பறவைகள் தின்று பரப்பியதால், அது அலையாத்திக் காடுகளுக்குள்ளும் புகுந்து ஆக்கிரமிப்புத் தாவரமாகிவிட்டது. எங்கள் தோட்டத்தை ஒட்டியே கண்மாய் இருக்கிறது. சீமைக்கருவேலத்தால் நம் கண்மாய்கள் பட்டதே போதும்.

மதுரை வட்டாரத்தில் எவரேனும் இதை வளர்த்திருந்தால், கோடையைத் தாங்குகிறதா, விதை விழுந்து தானாக முளைக்கிறதா என்பதைத் தெரிவியுங்கள். பூக்காத கன்றை இலையை மட்டும் கொண்டு உறுதிசெய்ய முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன். இலையின் இருபுறப் படங்களையும் இணைத்துள்ளேன். பதில் கிடைக்கும்வரை கன்றுகள் பைகளிலேயே இருக்கும்.