பாஸ் மீனுக்குன்னு விக்கிற லூர், நம்ம குட்டை விரால்: உங்க அனுபவத்த சொல்லுங்க

அமெரிக்காக்காரங்க லார்ஜ்மவுத் பாஸ் புடிக்கிற வீடியோவா பாத்து பாத்து ஆறு லூர் வாங்கிட்டேன், மீன ஏமாத்துற பொம்மை இரை தான். புதுச்சேரி பாகூர் பக்கம் குட்டையில பாஸ் எங்க இருக்கு, விரால், குறவை, ஜிலேபி தான். விராலும் செடிக்குள்ள பதுங்கி இருந்து பாயுற மீன்தானே, அதே லூர் எடுக்கும்னு நெனச்சேன். பாதி தான் சரி.

மொத நாள் கிராங்க்பெயிட் போட்டேன், சின்ன மீன் மாதிரி கெட்டியா இருக்கும், அடியில மும்முள்ளு ரெண்டு தொங்கும்ல அது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு கூடை ஆகாயத்தாமரை வருது, மூணாவது வீச்சுல லைன் அறுந்து 350 ரூபா தண்ணிக்குள்ள. இன்னொண்ணு பெட்டியில சும்மா கெடக்கு.

அப்புறம் தான் ரப்பர் தவளை. உள்ள வெத்து உடம்பு, முள்ளு ரெண்டும் முதுகோட ஒட்டி மேல பாத்து இருக்கும், அல்லி இலை மேல இழுத்தாலும் மாட்டாது, மீன் கடிச்சா உடம்பு நசுங்கி முள்ளு வெளிய வரும். சாயங்காலம் அஞ்சரை இருக்கும், கரையோரமாவே இழுத்துட்டு வரேன், டமார்னு தண்ணி வெடிச்சுது, பதறிப்போய் ஒரே சொடக்கு, தவளை பறந்து வந்து என் சட்டையில மாட்டிக்கிச்சு. இப்படியே நாலு தடவை. அஞ்சாவது தடவை பல்ல கடிச்சிக்கிட்டு கைய ஆட்டாம நின்னேன், லைன் தானா இறுகிச்சு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு இழுத்தா விரால், முக்கால் கிலோ. அன்னிலேர்ந்து எனக்கு அந்த ஒரு தவளை போதும். நாலஞ்சு வீச்சுக்கு ஒருதரம் உள்ள ஏறுன தண்ணிய பிதுக்கி விடணும், இல்லன்னா முழுகும்.

மத்தவங்க எந்த கலர் போடுறீங்க?

*

அண்ணே, கலர அப்புறம் பாப்போம், முள்ள மொதல்ல பாருங்க. விரால் வாய் எலும்பு மாதிரி கெட்டி, நான் குறடு வச்சு முள்ளு ரெண்டையும் லேசா வெளிப்பக்கம் விரிச்சி விடுவேன், அதுக்கப்புறம் தப்புறது ரொம்ப கொறஞ்சிச்சு.

நமக்கு நெல்லிக்குப்பம் பக்கம், சூளைக்கு மண்ணெடுத்த பள்ளம். செடி கம்மி, தண்ணி டீ மாதிரி இருக்கும். அங்க தவளைய விட ஸ்பின்னர்பெயிட் நல்லா எடுக்குது, தகடு சுத்துற அதிர்வுலயே மீன் கண்டுபுடிச்சி வந்துடும். கலங்கல்ல கருப்பு தான் போடுவேன், கீழ இருந்து பாக்குற மீனுக்கு அது தான் பளிச்சுனு தெரியும். அப்புறம் விரால் மூச்சு விட மேல வந்து ‘குபுக்’னுச்சுன்னா அது தலை மேலயே கொண்டுபோய் போடாதீங்க, தாண்டி வீசி அது பக்கமா இழுங்க. கரையில தொம்தொம்னு நடந்தாலும் காலி, சின்ன குட்டைல்ல.

*

இத சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். போன மழைக்கு ஒரு குட்டையில செக்கச்செவேல்னு விரால் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி மேல வந்து வந்து போச்சு. தவளைய அது நடுவுல போட்டேன், மொத வீச்சுலயே அடி. பசியில அடிக்கல அந்த பெரிய விரால், குஞ்சுக்கு காவல் காக்குற கோவம். ஒன்றரை கிலோ, ஆசையா வீட்டுக்கு கொண்டுபோய்ட்டேன். மறுநாள் போனா குஞ்சு அங்கங்க செதறி கெடக்கு, ஜிலேபியும் கொக்கும் பொறுக்கிட்டு இருக்கு. குழம்பு வேற நல்லா இருந்துச்சு, அதான் கஷ்டமா இருந்துச்சு. இப்பல்லாம் சிவப்பு குஞ்சு தெரிஞ்சா அந்த பக்கமே வீசுறதில்ல.

இன்னொண்ணு, ஊர் குட்டை நெறைய குத்தகைக்கு விட்டிருப்பாங்க, எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க. ஊசுடு ஏரி பக்கம் போவவே போவாதீங்க, பறவைங்க சரணாலயம் அது.

*

மொதல்ல எழுதுன அண்ணனுக்கு: பெட்டியில கெடக்குற கிராங்க்பெயிட்ட தூக்கி போட்றாதீங்க. அரியாங்குப்பம் ஆத்துப்பக்கம், செடி இல்லாத எடமா பாத்து, கடல் தண்ணி ஏறும்போது போடுங்க, கொடுவா வரும். லீடர், அதான் லூருக்கு முன்னாடி கட்டுற துண்டு லைன், அத மட்டும் தடியா கட்டுங்க, கொடுவாவோட செவுள் மூடி பிளேடு மாதிரி, எனக்கு ரெண்டு லூர் அப்படித்தான் போச்சு.

*

சரி தம்பி, ஞாயித்துக்கெழம வரேன். தண்ணி எத்தன மணிக்கு ஏறும்னு மட்டும் சொல்லு.