பெரியம்மாவும் வீடியோ டாக்டரும்: பக்கத்தில் இருந்து பார்த்தது

"எனக்கு அதெல்லாம் வராதும்மா, நீயே டாக்டர்கிட்ட பேசிடு" என்பார் பெரியம்மா. போன் பழக்கம் இல்லாததால்தான் இந்தத் தயக்கம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட உட்கார்ந்து கவனித்தபோது தெரிந்த காரணம் வேறு. டாக்டரின் குரல் அவருக்குக் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை. வயதாகும்போது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். போன் ஸ்பீக்கரில் அது இன்னும் மோசம்.

காதை மூடும் பெரிய ஹெட்போன் வாங்கினோம். டாக்டரின் உதடு தெரியும்படி டேப்லெட்டுக்கு மாறினோம். "சத்தமாக வேண்டாம் டாக்டர், நிதானமாகச் சொல்லுங்கள்" என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்வேன். ஜன்னல் அவருக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் இருந்தால் டாக்டருக்கு முகம் கறுப்பாகத்தான் தெரியும்.

அழைப்புக்கு முன்பே பிரஷர் பார்த்துவிடுவோம். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறையும் பார்த்து இரண்டையும் எழுதிவைப்போம். மாத்திரை அட்டைகள் எல்லாம் மேஜையில் இருக்கும். கால் வீக்கம் என்றதும், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திக் குழி விழுகிறதா என்று காட்டச் சொன்னார் டாக்டர். கேமராவைப் பிடிக்க அங்கேதான் நான் தேவைப்பட்டேன்.

மற்ற நேரம் நான் வாய் திறப்பதில்லை. கேள்வி பெரியம்மாவுக்கு, பதிலும் அவருடையது. கூட இருப்பவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. இணைப்பு சரியானதும் கொஞ்ச நேரம் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். அப்படிப் போயிருந்த ஒரு நாள்தான், நீர் மாத்திரையைப் பாதி நாள் சாப்பிடுவதே இல்லை என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். ராத்திரி பலமுறை பாத்ரூம் போக எழுந்து, இருட்டில் விழுந்துவிடுவோமோ என்ற பயம். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சாயங்கால மாத்திரையை டாக்டர் மதியத்துக்கு மாற்றினார். இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

———

உங்கள் பெரியம்மா பற்றிய பதிவைப் படித்தேன். டாக்டர் பேசும்போது நீங்கள் வெளியே போவது நல்ல யோசனை, நானும் செய்யப்போகிறேன். எங்கள் அனுபவம் வேறு மாதிரி. அப்பாவுக்குக் காலையில் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. "சாயங்காலம் வீடியோவில் டாக்டர் வருவாரே, கேட்டுக்கலாம்" என்றார் அம்மா. நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். வீடியோவில் இரண்டுமே நடக்காது.

அப்பா இப்போது நடக்கிறார். மறுபரிசோதனை பெரும்பாலும் வீடியோவில்தான், அவருக்கும் அலைச்சல் மிச்சம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சு குழறல் வந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ் என்று பெரிய எழுத்தில் எழுதி, அந்த எண்ணோடு டேப்லெட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.