தேர்தல் வேலையில் தொழிற்சங்கம்: நெய்வேலி, கடலூர், புதுச்சேரி அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர் அல்லது இடம்)

பத்தாம் வட்டம், நெய்வேலி

நிர்வாகத்தோடு பேசும் சங்கம் எது என்று முடிவு செய்கிற சங்க அங்கீகாரத்துக்கான ரகசிய வாக்கெடுப்பில் வாங்கிய ஓட்டை அப்படியே சட்டமன்றத் தேர்தலுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். என்எல்சி பழுப்பு நிலக்கரி நிறுவனம் இருக்கிற நெய்வேலியில் அந்தக் கணக்கு எடுபடாது. அங்கீகாரத் தேர்தலில் ஓட்டுப் போடுவது நிரந்தரத் தொழிலாளி மட்டும். தொகுதியிலோ சுமார் இரண்டு லட்சம் வாக்காளர்கள். டவுன்ஷிப் வட்டங்கள் போக, ஒப்பந்தத் தொழிலாளி குடும்பங்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்கள் எல்லாம் அதில் அடக்கம். நிலம் கொடுத்த ஊரில் சங்கக் கொடியோடு போய் நின்றால் முதலில் வருவது "எங்க வீட்டுப் புள்ளைக்கு வேலை எப்போ?" என்கிற கேள்விதான். அங்கே போய் ஊதிய ஒப்பந்தம், போனஸ் என்று பேசினால் வரவிருந்த ஓட்டும் போய்விடும்.

அடுத்தது முகவரி. ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர்களில் வடலூரில் வீடு கட்டிப் போனவர் குறிஞ்சிப்பாடித் தொகுதி, பண்ருட்டி டவுனில் இருப்பவர் பண்ருட்டித் தொகுதி. மக்களவைத் தேர்தல் என்றால் எல்லாரும் கடலூர் தொகுதிக்குள் வந்துவிடுவார்கள். சட்டமன்றம் என்றால் சிதறிவிடுவார்கள். அதனால் உறுப்பினர் பதிவேட்டிலேயே வாக்காளர் அட்டை எண், தொகுதி, பாகம் எண் (வாக்காளர் பட்டியலில் ஒரு வாக்குச்சாவடிக்குரிய பகுதி), வரிசை எண் நான்கையும் எழுதி வைக்கிற சங்கம்தான் தேர்தல் வேலையில் உருப்படியாக எதையாவது செய்கிறது. ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர் பெயர் பழைய பாகத்திலேயே கிடக்கும். இடம் மாறினால் படிவம் 8, புதிதாகச் சேர 6, நீக்க 7. பிள்ளைகளுக்கு 18 வயது நிறைந்ததா என்று பார்க்க இப்போது வருஷத்தில் நான்கு தகுதி நாள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1.

படிவங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய் பிஎல்ஓவிடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நீட்டினால் வாங்க மாட்டார். கட்சி நியமித்த பிஎல்ஏ (வாக்குச்சாவடி நிலை முகவர்) மட்டும் ஒரு அளவு வரை மொத்தமாகக் கொடுக்கலாம். சங்கத்துக்கு பிஎல்ஏ நியமிக்கும் உரிமை கிடையாது. 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் மாதிரியான வேலைகளில் முதலில் விடுபடுவது, ஆள் வடலூரிலும் பெயர் குவார்ட்டர்ஸிலும் இருக்கிற இந்த ஓய்வுபெற்றவர்கள்தான்.

அடிக்கட்டை, கடலூர் முதுநகர்

பதிவேடு விஷயம் சரி தோழர். சங்கங்கள் சிக்கலில் மாட்டுவது பணத்தில்தான், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் பிரிவு 15 பொது நிதியை எதெதற்குச் செலவழிக்கலாம் என்று சொன்னது. தேர்தல் அதில் இல்லை. தேர்தலுக்கென்று பிரிவு 16-இன் கீழ் தனி அரசியல் நிதி வைத்துக்கொள்ள இடம் இருந்தது: வேட்பாளர் செலவு, அரசியல் கூட்டம், துண்டறிக்கை, வாக்காளர் சேர்ப்பு எல்லாம் அதிலிருந்து. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டாலும் இந்தத் தனி நிதி ஏற்பாடு தொடர்கிறது. அதற்குப் பணம் தரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தராதவரை உறுப்பினர் ஆக்க மாட்டோம், கேஸ் பார்க்க மாட்டோம் என்றும் சொல்ல முடியாது.

நடைமுறை இப்படி. சங்க விதியில் அரசியல் நிதிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் பொதுக்குழுவில் விதித் திருத்தம் கொண்டுவர வேண்டும். தனி வங்கிக் கணக்கு. தனி ரசீது புத்தகம், அதுவும் வேறு நிறத்தில். சந்தா ரசீது வெள்ளை என்றால் இது மஞ்சளாக இருக்கட்டும், தணிக்கையாளர் அடிக்கட்டையைப் புரட்டும்போதே தெரியும். சம்பளத்தில் பிடிக்கிற சந்தாவோடு இதைச் சேர்க்கவே கூடாது. பிடித்தத்துக்குத் தொழிலாளி எழுதிக் கொடுத்த ஒப்புதல் உறுப்பினர் சந்தாவுக்கு மட்டும்தான்.

தேர்தல் மாதத்தில் பொது நிதியிலிருந்து "கைமாற்றாக" எடுப்பார்கள். வவுச்சரில் "போக்குவரத்துச் செலவு" என்று எழுதுவார்கள். தேர்தல் முடிந்தால் பணம் திரும்பாது. ஆண்டறிக்கை கொடுக்கும் நேரத்தில் எதிரணி அதே வவுச்சரை நகல் எடுத்துத் தொழிற்சங்கப் பதிவாளருக்குப் புகார் அனுப்பும். எந்தச் சங்கம் உடைந்தாலும் அதன் அடியில் இப்படி ஒரு வவுச்சர் கிடக்கும்.

வேட்பாளருக்குப் பணம் கொடுப்பதானால் அவர் தேர்தலுக்கென்று திறந்த வங்கிக் கணக்கில் காசோலையாகப் போடுவதுதான் உத்தமம். ஒருவரிடமிருந்து அவர் ரொக்கமாக வாங்கலாம் என்பது தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்தான். அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் சங்கமே மேடை போட்டு, விளம்பரம் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 176, அபராதம் 10,000 வரை. அனுமதியோடு செய்தால் அவர் கணக்கில் ஏறும். சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் செலவு உச்சவரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 28 லட்சம்.

கேட் வாசல்

ஒரு சந்தேகம் அண்ணே. வழக்கமான கேட் மீட்டிங்கில் வேட்பாளர் வந்து ரெண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போனால் அதுவும் அவர் செலவா?

அடிக்கட்டை, கடலூர் முதுநகர்

ஆமாம் தம்பி. மைக், நாற்காலி, பந்தல் எல்லாம் அவர் கணக்கில் ஏறும், வீடியோ எடுக்கும் குழு வந்திருந்தால் தப்பவே முடியாது. அனுமதியை சுவிதா (தேர்தல் ஆணையத்தின் இணைய அனுமதித் தளம்) வழியாக 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கிடையாது. அதனால் இரண்டாம் ஷிப்ட் விடுகிற பத்து மணிக்குக் கையில் துண்டறிக்கைதான்.

அந்தத் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும் (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ). வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சான்றொப்பமிட்ட உறுதிமொழி இரண்டு பிரதி அச்சகத்துக்குத் தர வேண்டும். "தொழிலாளர் நலன் விரும்பிகள்" என்று மட்டும் போட்டு அடித்தால் ஆறு மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் சமயத்தில் தெரிந்த அச்சகமே அடிக்க மறுப்பது இதனால்தான்.

தேர்தல் நேரத்தில் பணத்தைச் சோதிக்கிற பறக்கும் படையையும் சொல்லிவிடுகிறேன். சந்தாப் பணம் வசூலித்து வண்டியில் எடுத்துப் போகும்போது 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், அதுவும் வண்டியில் கட்சிக் கொடி இருந்தால், பிடித்து வைப்பார்கள். ரசீது அடிக்கட்டை, சங்க லெட்டர் பேடில் பொருளாளர் கடிதம், வங்கிப் பாஸ் புத்தகம் மூன்றும் கூடவே இருக்கட்டும். பிடித்த பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட அளவில் முறையீட்டுக் குழு உண்டு. அசல் ஆவணம் இல்லாமல் போனால் வேலைக்காகாது.

முதலியார்பேட்டை

புதுச்சேரிக் கணக்கு வேறு. பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்காளருக்கு முப்பது தொகுதி, ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். இருநூறு குடும்பம் ஒரு பக்கம் சாய்ந்தாலே வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு மில் தொழிலாளர் 12 பேர் இறந்த மண் இது. அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தச் சங்க இயக்கத்தை வளர்த்த வ.சுப்பையாதான் பிறகு இங்கே அரசியல் தலைவராகவும் இருந்தார். ஏஎஃப்டி, சுதேசி, பாரதி மூன்று மில்லும் 2020-இல் மூடப்பட்ட பிறகு கேட் என்பதே இல்லை. இப்போது ஓட்டு தெருவில்தான் இருக்கிறது, நிலுவைத் தொகைக்காக அலைகிற ஓய்வுபெற்றவர் வீட்டுத் திண்ணையில்.

அரசு சார்பு நிறுவனங்களின் தினக்கூலி ஊழியர் சங்கங்கள் தேர்தலுக்கு முன்பு செய்கிற தவறு, வேட்பாளரிடம் "நிரந்தரம் செய்கிறோம்" என்று வாய்வார்த்தை வாங்குவது. இங்கே கோப்பு நிதித்துறை ஒப்புதல் தாண்டி துணைநிலை ஆளுநர் வரை போக வேண்டியிருக்கும். பணியிடம் அனுமதிக்கப்பட்டதா, நிதி ஒதுக்கீடு எந்தத் தலைப்பில் என்பது இல்லாத உத்தரவு வெறும் காகிதம். ஆட்சி மாறினால் முதலில் நிற்பது அந்தச் சம்பளம்தான். தேர்தல் நடத்தை விதி வந்த பிறகு உத்தரவே போட முடியாது. ஆகவே தேதி அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே கோப்பை நகர்த்த வேண்டும். வேட்பாளரை விடுங்கள், கட்சியின் தேர்தல் அறிக்கைக் குழுவுக்குச் செலவு மதிப்பீட்டோடு மனு கொடுங்கள்.

சங்கத் தலைவர் ஜெயித்து அமைச்சராகிவிட்டால் செயற்குழுவிலோ நிர்வாகியாகவோ தொடர முடியாது. பாராட்டு விழா முடிந்த கையோடு மாற்று நிர்வாகியைத் தேர்ந்தெடுத்துப் பதிவாளருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பத்தாம் வட்டம், நெய்வேலி

வேட்பாளரை விட்டுவிட்டு அரசையும் கட்சியையும் நெருக்கச் சொல்லி முதலியார்பேட்டைத் தோழர் சொன்ன விஷயத்துக்கு இங்கே ஒரு நல்ல உதாரணம் உண்டு. என்எல்சி பங்கு விற்பனையை 2006-இல் நிறுத்த வைத்தது வேலைநிறுத்தமும் திமுக டெல்லியில் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்துதான். அந்த ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் எல்லாப் பங்கு விற்பனையையும் நிறுத்தி வைத்தார். 2013-இல் மறுபடி வந்தபோது அதிமுக அரசு 3.56 சதவீதப் பங்கைத் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்கள் மூலம் வாங்கியது. இரண்டு முறையும் தொமுச, அண்ணா தொழிற்சங்கப் பேரவை, சிஐடியு, ஏஐடியுசி, பாட்டாளி சங்கம் என்று கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே கோரிக்கை. எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்காமலே மாநில அரசை அசைத்த விஷயங்கள் இவை. என் கணக்கில் இதுதான் சங்கத்தின் உண்மையான பலம். பூத் வேலையெல்லாம் அதற்கு அப்புறம்.

பூத் வேலைக்கு வருவோம். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி), தினக்கூலிக்கும் உண்டு. ஆனால் ஆள் வராவிட்டால் ஆபத்து அல்லது பெரிய நஷ்டம் என்கிற வேலைக்கு விலக்கு இருக்கிறது. சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கிற பம்பு ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது, அனல் மின் நிலையமும் அப்படித்தான். ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கப் போவதற்கு முன் ஏழு மணிக்கே வரிசையில் நிற்கட்டும். முதல் ஷிப்ட்காரர் மதியம் போகலாம். மாலை ஆறு மணிக்கு வரிசையில் இருப்பவர்களுக்கு டோக்கன் தருவார்கள். ஆறு அடித்த பிறகு வந்தால் கிடையாது.

பூத் ஏஜெண்டாக உட்கார அரசு ஊழியரை அனுப்பவே கூடாது, அதே சட்டத்தின் 134ஏ-யில் மூன்று மாதம் வரை சிறை. பொதுத்துறை ஆள் என்றால் நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பூத் ஏஜெண்ட் நியமனத்துக்கான படிவம் 10-ஐ எழுதி, வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மாதிரி வாக்குப்பதிவுக்கே போய்விட வேண்டும். குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்ப்பார்கள். அந்த ஓட்டுகளை இயந்திரத்திலிருந்து அழித்தார்களா, விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடிக்கும் கருவி) பெட்டியிலிருந்து சீட்டை எடுத்தார்களா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து.

சாயங்காலம் பதிவான வாக்குக் கணக்கான படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. இயந்திர எண், முத்திரை எண், மொத்த ஓட்டு மூன்றும் அதில்தான் இருக்கும். வாக்கு எண்ணும் மேசைக்கு உட்காரப் போகிறவர் கையில் அந்த நகல் பூத் வரிசைப்படி இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவுக்காரர் யாராவது இருந்தால் அவரையே எண்ணிக்கை ஏஜெண்டாகப் படிவம் 18-இல் போடுங்கள்.